சோல் என்கிற சொல்

தாராவி
10 ஜூன் 2024

இயேசு மரி சூசை

ஜாபெஸ்,

நீ அனுப்பிய ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். நேற்றிலிருந்து ஃபோனில் விடாமல் கூப்பிடுகிறாய். எடுக்க மாட்டேன். வாயால் பேசினால் நாளைக்கு நீ ஒன்று சொன்னேன் என்பாய், நான் ஒன்று சொன்னேன் என்பேன், நடுவில் உன் அம்மா உட்கார்ந்து அழுவாள். எழுது. நானும் எழுதுகிறேன். இருவர் பேச்சும் காகிதத்தில் கிடக்கட்டும்.

முதலில் என் மனக்குறை. தங்கச்சி மகன் தாய்மாமனிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் நேரில் வந்து கேட்டிருக்க வேண்டும். நீ வக்கீல் ஆபீசிலிருந்து ஆள் அனுப்பினாய். அவன் பட்டறை வாசலில் நின்று, வேலை செய்யும் காரிகர்கள் எல்லாரும் பார்க்க, "சிங்கராயர் கோன் ஹை?" என்று கேட்டான். எனக்கு ஏதோ கோர்ட் நோட்டீஸ் வந்துவிட்டது என்று தொண்ணூறடி ரோடு வரைக்கும் பேச்சு. நேரில் வர வேண்டியவன் அப்போது வரவில்லை. இனிமேல் வராதே.

என் பட்டறையை விட்டுப் போய் அம்பர்நாத்தில் நாகராஜோடு கூட்டுச் சேர்ந்து செருப்பு ஃபேக்டரி போட்டாய். போடு. இப்போது அந்தச் செருப்பில் என் ஏணி மார்க்கைக் குத்த அனுமதி கேட்கிறாய். ஏணி நான் வரைந்தது. அதன் பதிவுச் சான்றிதழ் இருதயநாதர் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உன் அம்மா ஏஞ்சலம்மாள் கெஞ்சியதால்தான் உன் ஒப்பந்தத்தைப் படிக்கவே எடுத்தேன்.

அகராதியை வைத்துக்கொண்டு தினம் ஒரு பக்கம் படித்தேன். என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அல்ல. பசை டின்னிலும் தோல் கட்டிலும் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துச் சேர்த்தது. அதனால் ஏமாற்றலாம் என்று நினைக்காதே. பணம் எவ்வளவு என்பதில் எனக்குச் சண்டை இல்லை. மற்றதில் உண்டு.

என்னிடம் வாங்கிய மார்க்கை நீ வேறொருவனுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறது. வாடகைக்கு வந்தவன் வீட்டை இன்னொருவனுக்கு வாடகைக்கு விடுவானா? தாராவியில் விடுகிறான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அடித்துவிட்டேன்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் சரக்கை விற்க ஆறு மாதம் கேட்டிருக்கிறாய். அந்த ஆறு மாதத்தில் புதிதாகச் செய்துவிட்டு இதுவும் பழைய மால்தான் என்பாய். மூன்று மாதம் போதும்.

ஒன்பதாவது பத்தியில் "நியாயமான தரம்" என்று இருக்கிறது. யார் நியாயம்? உன் நியாயமா, நாகராஜின் நியாயமா? "நியாயமான" என்பதை அடித்துவிட்டு, சிங்கராயர் பார்த்துச் சரி என்று சொன்ன ஜோடியில்தான் ஏணி இருக்கும், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக, எனக்கு ரத்தம் கொதித்த இடம். இரண்டாம் பக்கத்தில் உனக்கு நான் "சோல் லைசென்ஸ்" தருகிறேன் என்று எழுதியிருக்கிறது. பிழைப்பே செருப்பாக இருக்கிறவனிடம் சோலைக் காட்டுகிறாயா? சோலுக்கு மட்டும் என் மார்க் என்றால், மேலே இருக்கிற வாருக்கும் தோலுக்கும் யார் மார்க்? நாகராஜ் மார்க்கா? மிதிபடுகிற இடத்தில் என் ஏணி, பார்வைக்கு அவன் பெயர். அதற்குத்தானே இந்தத் திட்டம்? கொடுத்தால் முழுச் செருப்புக்கும் கொடுப்பேன். சோலை மட்டும் பிய்த்துக் கொடுக்க மாட்டேன். சிவப்பு மையில் அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

சிங்கராயர்

*

செம்பூர்
15 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. ஒற்று விட்டுப்போயிருந்தால் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். எப்படியும் போடுவீர்கள்.

ஆள் அனுப்பியது தப்புதான். நான் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவீர்கள் என்று பயம். நான் பட்டறையை விட்டுப் போன நாளிலிருந்து நீங்கள் என் முகம் பார்த்துப் பேசவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொல்கிறேன்.

அம்பர்நாத்தில் நாங்கள் செய்வது நல்ல செருப்பு மாமா. ஆனால் பெயர் இல்லாத செருப்பு. வாங்குகிற வியாபாரி தன் லேபிளை ஒட்டி விற்றுக்கொள்கிறான், அடுத்த சீசனில் வேறு ஃபேக்டரிக்குப் போய்விடுகிறான். ஏணி என்றால் காட்கோபரிலிருந்து கல்யாண் வரைக்கும் நம் ஆட்களுக்குத் தெரியும். ஆன்லைனில் போட்டால் இன்னும் தூரம் போகும். உங்கள் பட்டறையால் அவ்வளவு செய்ய முடியாது. என்னால் முடியும், ஆனால் என்னிடம் ஏணி இல்லை. இதுதான் விஷயம். இதில் வேறு சூது எதுவும் இல்லை.

உங்கள் திருத்தங்களை வக்கீல் அம்மாவிடம் காட்டினேன். மார்க்கை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், சரி. மூன்று மாதம், சரி. ஒன்பதாவது பத்தியைப் பார்த்து, "உங்க மாமா கோவத்துல ஒரு நாள் எல்லா ஜோடியையும் வேண்டாம்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். மாமா அப்படிச் செய்ய மாட்டார் என்றேன். அதையும் விட்டுவிட்டோம்.

சோல் என்பதை எடுத்துவிட்டோம். அந்தச் சொல் இனி எங்கும் இருக்காது. அதற்குப் பதில் "எக்ஸ்க்ளூசிவ்" என்று போட்டிருக்கிறது. நாகராஜும் கூட இருந்தார், அவருக்கும் சம்மதம்.

அந்தச் சொல்லைப் பற்றி உங்களிடம் நேரில் ஒரு விஷயம் பேச வேண்டும். கடிதத்தில் எழுதினால் நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வார ஞாயிறு, ஆராதனை முடிந்து பட்டறைக்கு வரட்டுமா?

உங்கள் மருமகன்
ஜாபெஸ்

*

தாராவி
20 ஜூன் 2024

இயேசு மரி சூசை

மருமகன் ஜாபெசுக்கு,

வர வேண்டாம். எழுதத்தான் சொன்னேன். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

புதிய படி வந்தது. முழுக்கப் படித்தேன். சோல் போய்விட்டது, மகிழ்ச்சி. எக்ஸ்க்ளூசிவ் என்ற சொல்லுக்கு அகராதி பார்க்கத் தேவையில்லை. மாட்டுங்காவில் புடவைக் கடைப் பலகைக்குப் பலகை அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். உயர்ந்த ரகம் என்று அர்த்தம். அது சரி. ஏணி உயர்ந்த ரகம்தான்.

நாகராஜுக்கு உடனே சம்மதம் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஆள் எதற்கும் உடனே சம்மதிக்கிறவன் அல்ல. என் சிவப்பு மையைப் பார்த்துப் பயந்திருப்பான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நோட்டரியிடம் நாள் குறித்து எழுது. உன் அம்மா சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அம்பர்நாத்துக்கு வேண்டிய பித்தளை அச்சை நானே வெட்டித் தருகிறேன். நீ வெட்டினால் ஏணியின் படிகள் கோணலாகப் போகும்.

சிங்கராயர்
மார்க்கின் சொந்தக்காரர்

*

தாராவி
2 செப்டம்பர் 2024

ஜாபெஸ்,

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் கூட ஆகவில்லை.

மாட்டுங்காவில் வானமாமலையின் கடை உனக்குத் தெரியும். அவன் அப்பா காலத்திலிருந்து நம் செருப்பு அங்கே தொங்குகிறது. இன்று காலையில் புது மால் கொண்டுபோனேன். பழைய மாலையும் சேர்த்து மூட்டையாகக் கட்டி வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, கோவப்படாதிய. ஒங்க மருமவன் கம்பெனியிலேருந்து எனக்கு லெட்டர் வந்திருக்கு. ஏணி மார்க்க இனிமே அவுக மட்டுந்தான் போடலாமாம். ஒங்க செருப்ப வச்சிருந்தா என் மேலயும் கேசு போடுவாகளாம்."

"ஏணி யாரு மார்க்குவே?"

"ஒங்க மார்க்குதான். அதுல யாருக்கு சந்தேகம்?"

"அப்ப என் செருப்பு டூப்ளிகேட்டா?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. கட வச்சிருக்கவன் எனக்கெதுக்கு இந்த லஃபடா? மால எடுத்துக்கிடுங்க. காப்பி சொல்லட்டுமா?"

காப்பி கேட்கிறான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். மழை. மூட்டைக்குள் இருந்த ஒவ்வொரு ஜோடியிலும் ஏணி. அதைக் குத்தியவன் நான். ஆனால் இப்போது நான் கள்ள மார்க் குத்துகிறவன்.

பட்டறைக்குத் திரும்பினால் எனக்கும் அதே கடிதம் வந்து கிடக்கிறது. என் மார்க்கை நான் உபயோகிப்பதை நிறுத்த வேண்டுமாம். கீழே உன் கம்பெனி முத்திரை.

என்ன நடந்தது என்று எழுது. உண்மையை எழுது. ஃபோன் செய்யாதே. அம்மாவைத் தூது அனுப்பாதே.

சிங்கராயர்

*

செம்பூர்
6 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

அந்தக் கடிதங்களை அனுப்பியது நாகராஜ். எனக்குத் தெரியாமல் அனுப்பினார். கேட்டதற்கு, "ஒப்பந்தத்துல இருக்கதத்தான எழுதுனேன்" என்றார். கோபத்தில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

உங்களிடம் நேரில் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

முதல் படியில் இருந்த சோல், செருப்பின் சோல் இல்லை. இங்கிலீஷில் அதே எழுத்து, அதே உச்சரிப்பு, ஆனால் அது வேறு சொல். மார்க்கை உபயோகிக்க உரிமை பெறுகிறவன் நான் ஒருவன் மட்டும், வேறு யாருக்கும் நீங்கள் தர முடியாது, ஆனால் சொந்தக்காரராகிய நீங்கள் எப்போதும் போல உபயோகிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். நானும் நீங்களும் மட்டும். எக்ஸ்க்ளூசிவ் என்றால் புடவைக் கடை அர்த்தம் இல்லை. நான் மட்டும் என்று அர்த்தம். சொந்தக்காரரும் வெளியே.

வக்கீல் அம்மா முதலில் எழுதியது உங்களுக்குச் சாதகமான சொல். அதை அடித்தது நீங்கள். "சோல் வேண்டாமாம்" என்று நான் சொன்னதும், "பிறகு என்ன, எக்ஸ்க்ளூசிவா?" என்று அவர் கேட்டார். நாங்கள் ஆமாம் என்றோம்.

நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று எழுதினேன். நீங்கள்தான் வர வேண்டாம் என்றீர்கள். அதையும் நினைத்துப் பாருங்கள் மாமா.

இதைச் சரி செய்துவிடலாம். நாகராஜிடம் பேசுகிறேன். கொஞ்சம் டைம் கொடுங்கள். அது வரை நீங்கள் ஏணி போட்டாலும் நான் ஒன்றும் செய்ய மாட்டேன்.

ஜாபெஸ்

*

தாராவி
9 செப்டம்பர் 2024

லைசென்ஸ் பெற்றவரான ஜாபெஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

"மாமா, அந்தச் சோல் வேறு." நாலு சொல். ஜூன் மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். வியாபாரி, லேபிள், காட்கோபர், கல்யாண், ஆன்லைன் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. இந்த நாலு சொல்லுக்கு இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாதது என் தப்பு. உங்களுக்குத் தமிழ் தெரிந்தும் எழுதாதது யார் தப்பு?

நான் ஏணி போட்டாலும் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மார்க்கை எனக்கே பிச்சை போட வேண்டாம். கையெழுத்துப் போட்டேன், அதன்படி நடப்பேன். பித்தளை அச்சைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இன்று முதல் என் பட்டறைச் செருப்பில் மார்க் கிடையாது.

நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒன்பதாவது பத்தியைப் படிக்கவும். சிங்கராயர் பார்த்துச் சரி என்று சொன்ன ஜோடியில்தான் ஏணி இருக்கும். வருகிற திங்கட்கிழமை முதல் அம்பர்நாத் வருகிறேன். சயானில் ரயில் ஏற எனக்குத் தெரியும், வண்டி அனுப்ப வேண்டாம். உட்கார ஒரு ஸ்டூல், தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டி. வேறு எதுவும் வேண்டாம். தேநீர் வெளியே குடித்துக்கொள்வேன்.

சிங்கராயர்
லைசென்ஸ் கொடுத்தவர்

*

செம்பூர்
18 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரே கூரைக்குக் கீழே தினம் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறீர்கள். ஃபேக்டரியில் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் என் மேஜைக்கும் நடுவில் பத்தடி இருக்குமா? வீட்டுக்கு வந்து கடிதம் எழுதுகிறேன். பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது.

தீபாவளி மால் முழுக்க நிற்கிறது. நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய பெட்டிகள் கூரை வரைக்கும் ஏறிவிட்டன. முதல் வாரத்தில் நீங்கள் தள்ளியது சரி. பசை மோசம், தண்ணீரில் ஊறினால் வார் பெயர்ந்தது. நாகராஜ் விலை குறைந்த பசை வாங்கியிருந்தார், மாற்றினோம். அதற்குப் பிறகு வந்த செருப்பு தொட்டியில் கிடந்து ஊறியும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் தள்ளுகிறீர்கள். "தையல் பிடிக்கவில்லை." "நிறம் பிடிக்கவில்லை." நேற்று ஒரு ஜோடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே சொல்லாமல் தூரப் போட்டீர்கள்.

நாகராஜ் எல்லார் முன்னாலும் கத்தினார். "யோவ் ஜாபெஸ், ஒன் மாமா செருப்பு பாக்க வாராரா, பொண்ணு பாக்க வாராரா? எதையுமே பிடிக்கலங்காரே!"

அதற்கு நீங்கள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் சொன்னது இப்போது ஃபேக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். "பொண்ணுன்னா மொகத்தப் பாத்துச் சொல்லிரலாம்டே. செருப்பத் தண்ணியில போட்டுல்லா பாக்கணும்."

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் சிரிப்பு வரவில்லை. இந்த மாதம் ஆட்களுக்குச் சம்பளம் எப்படிப் போடப்போகிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் தள்ளியதில் பாதிக்கு மேல் நல்ல மால். அது உங்களுக்குத் தெரியும். என்னை விட நன்றாகத் தெரியும்.

அம்மா உங்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். என்னைப் பற்றியும் கேட்பதில்லை. சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஜாபெஸ்

*

தாராவி
22 அக்டோபர் 2024

ஜாபெஸ்,

ஆம். தெரியும். பாதிக்கு மேல் நல்ல மால்தான்.

"நியாயமான" என்ற சொல்லை நான் அடித்தேன், நீ விட்டாய். "சோல்" என்ற சொல்லை நான் அடித்தேன், அதையும் நீ விட்டாய். ஒன்றில் நீ லாபம் பார்த்தாய். இன்னொன்று இப்போது உன்னைக் கடிக்கிறது. இரண்டும் ஒரே பேனாவால் அடித்தவை. ஒன்று செல்லும், மற்றது செல்லாது என்று எந்த வக்கீல் சொல்வார்?

ஆட்கள் சம்பளத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் பட்டறையிலும் ஆட்கள் இருந்தார்கள். மார்க் இல்லாத செருப்பைக் கடைக்காரன் தொடுவதில்லை. "அண்ணாச்சி, இது ஏணியா?" என்று கேட்கிறான். ஏணி செய்த அதே கை, அதே தோல் என்கிறேன். "ஏணி இருந்தாச் சொல்லுங்க" என்கிறான். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பூலோகம் மட்டும் இருந்தான். உன்னைப் போல அவனும் என் பட்டறையிலேயே வளர்ந்தவன். சனிக்கிழமை அவனும் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன்.

நேற்று அம்பர்நாத்தில், மார்க் குத்துகிற மேஜையில் அவன் நிற்கிறான். நான் வெட்டிக் கொடுத்த அச்சு அவன் கையில். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னலே, இங்க நிக்க?"

"மொதலாளி, திட்டாதிய. மார்க்கு எங்க இருக்கோ அங்கதான வேல இருக்கு."

அவனைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? அவன் சொன்னது சரி. இத்தனை நாள் ஆட்கள் என்னை நம்பி இருந்தார்கள் என்று நினைத்தேன். ஏணியை நம்பித்தான் இருந்திருக்கிறார்கள்.

நேற்று ஒரு ஜோடியையும் தள்ளாமல் திரும்பி வந்தது அதனால்தான். உன் மேல் இரக்கப்பட்டு அல்ல. நாளை மறுபடி வருவேன். நாகராஜிடம் சொல்லிவை.

சிங்கராயர்

*

செம்பூர்
29 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று நாகராஜும் நானும் வக்கீல் அம்மா முன்னால் உட்கார்ந்தோம். கூட்டு உடைகிற அளவுக்குப் பேச்சு போனது. கடைசியில் இறங்கி வந்தார். இரக்கத்தால் இல்லை, மால் நிற்பதால். அவர் கேட்பது ஒன்றுதான். ஒன்பதாவது பத்தியில் "நியாயமான" என்ற சொல் திரும்ப வர வேண்டும். அதற்குப் பதிலாக எக்ஸ்க்ளூசிவ் போய், பழைய சோல் திரும்ப வரும். நீங்கள் அடித்த இரண்டு சொல்லும் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் மறுநாளே உங்கள் பட்டறையில் ஏணி குத்தலாம். வானமாமலை அண்ணாச்சிக்கும் கடிதம் போகும்.

ஒரு பக்கம்தான். துணை ஒப்பந்தம் என்று பெயர். இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

நாலு சொல் ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். "நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தேன். அது பாதி உண்மை. உங்களுக்கு ஒன்று தெரியவில்லை என்று உங்களிடமே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மிச்சப் பாதி வேறு. அன்று வக்கீல் ஆபீசில், "வுட்ருவே, அவரே குடுக்காரு, நாம ஏன் வேண்டாங்கணும்?" என்று நாகராஜ் காதில் சொன்னார். எனக்கும் ஆசை வந்தது. அவ்வளவுதான் மாமா. இதற்கு மேல் அலங்காரமாக எழுத எனக்குத் தமிழ் வராது.

ஜாபெஸ்

*

தாராவி
5 நவம்பர் 2024

இயேசு மரி சூசை

ஜாபெஸ்,

கல்லறைத் திருநாளன்று சயான் கல்லறைக்குப் போயிருந்தேன். உன் அம்மாவும் வந்திருந்தாள். எங்கள் அம்மையின் கல்லுக்கு அந்தப் பக்கம் அவள் மெழுகுவர்த்தி வைத்தாள், இந்தப் பக்கம் நான் வைத்தேன். காற்றில் என்னுடையது அணைந்துவிட்டது. அவள் தன் திரியைச் சாய்த்து அதைப் பற்ற வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உன் துணை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்.

சோல் என்ற சொல் இருக்கிற காகிதத்தில் என் பெயர் இருக்காது. ஒரு தடவை அடித்துவிட்டேன். அடித்தது அடித்ததுதான். அதைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைக்க நான் ஆள் இல்லை. இரண்டு அர்த்தம் இருக்கிற சொல்லை வைத்து ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

அந்தப் பக்கத்தின் பின்னால் நான் தமிழில் எழுதியிருக்கிறேன். அதைப் போட்டுத் தட்டச்சு செய்யச் சொல்:

"ஏணி மார்க்கை இரண்டு பேர் குத்தலாம். ஒருவர் சிங்கராயர். இன்னொருவர் ஜாபெஸ். மூன்றாவது ஆள் குத்தக் கூடாது. இவர்களில் ஒருவர் மற்றவரைக் குத்தாதே என்று சொல்லவும் கூடாது."

இதில் எந்த இடத்தில் அகராதி வேண்டும்?

நியாயமான என்ற சொல்லை நாகராஜ் கேட்கிறான். வைத்துக்கொள்ளட்டும். நியாயத்துக்கு நான் பயந்தவன் அல்ல. ஆனால் எது நியாயம் என்று கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும். என் கையால் ஒரு ஜோடி தைக்கிறேன். ஏணி குத்திய அந்த ஜோடி ஒப்பந்தத்தோடு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் இருக்கட்டும். அதன் தோல், அதன் தையல், அதன் பசை. அதைப் போல இருந்தால் சரி என்பேன், இல்லையென்றால் தள்ளுவேன். என் நிறம், என் கோபம் எதுவும் அதில் வராது.

நீ எழுதிய கடைசிப் பத்தியைப் படித்தேன். அதற்குப் பதில் எழுத இப்போது எனக்கு மனம் இல்லை.

சிங்கராயர்

*

செம்பூர்
15 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தமிழ் வாக்கியங்களை வக்கீல் அம்மாவுக்கு இந்தியில் சொன்னேன். "இதத்தானே நான் முதல்லயே எழுதியிருந்தேன்?" என்றார். நாகராஜ் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "ஒரு வார்த்தையில இருந்தத நாலு வரியாக்கிட்டாரே ஒன் மாமா!" என்றார். வாயை மூடுங்கள் என்று சொன்னேன்.

இங்கிலீஷிலும் எழுதி, உங்கள் தமிழையும் அப்படியே வைத்திருக்கிறோம். எங்கேயும் அந்தச் சொல் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் தமிழில் இருப்பதே செல்லும் என்று போட்டிருக்கிறது. "அத யார் படிப்பா?" என்று நாகராஜ் கேட்டார். நான் படிப்பேன் என்றேன். நாகராஜும் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். நீங்களும் போட்டால் இது அமலுக்கு வந்துவிடும். மாதிரி ஜோடியை மட்டும் அதோடு வைக்க வேண்டும். அதை எப்போது அனுப்புவீர்கள்?

ஜாபெஸ்

*

தாராவி
20 நவம்பர் 2024

இயேசு மரி சூசை

மருமகன் ஜாபெசுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். காகிதம் இதோடு இருக்கிறது.

மாதிரி ஜோடி தயார். ஆனால் அனுப்பவில்லை. பட்டறையில் பலகை மேல் இருக்கிறது.

பெட்டியைத் திறந்து அச்சை எடுத்தேன். இத்தனை நாள் துணிக்குள் கிடந்ததில் பித்தளை கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். சூடு காட்டி வலது செருப்பில் ஏணியைக் குத்தினேன். நன்றாக விழுந்திருக்கிறது. இடது செருப்பில் குத்தவில்லை.

நான் எழுதிய வாக்கியத்தை நீ படிப்பதாகச் சொல்லியிருக்கிறாய். இரண்டு பேர் குத்தலாம் என்று அதில் இருக்கிறது. ஒருவர் குத்திவிட்டார்.

உன் அம்மாவையும் அழைத்து வா. அவளிடம் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. உன்னிடம் இல்லை. அந்த நாலு சொல்லை நான் மறக்கவில்லை, மறப்பேன் என்று வாக்கும் தர மாட்டேன். நீ வந்து பேச வேண்டாம். அச்சைப் பிடித்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரலாம். இடம் உனக்குத் தெரியும். குதிகால் படுகிற இடத்தில், நேராக. சோலில் குத்திவிடாதே.

மாமா